நினைவு நழுவுவோர்க்கு ஒரு துணைக்குழு

(ஊராட்சி ஒன்றிய மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்களின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



குழு நடத்துவது எப்படி என்று உங்களுக்கு எடுத்துக் கூற வேண்டிய அவசியம் இல்லை. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும் வேரூன்றி நிற்கிறது. பாய் விரித்து வட்டமாக அமர்வதும், தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதுவதும், வராதவரைத் தேடிச் செல்வதும் உங்களுக்குக் கைவந்த கலைகள். அந்தக் கலையைச் சிறிது மாற்றி, பலரும் வெளியே சொல்ல அஞ்சும் ஒரு துன்பத்திற்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

அத்துன்பத்தை மருத்துவர்கள் 'டிசோசியேட்டிவ் டிஸ்ஆர்டர்' என்பர். நாம் இவ்வுரையில் 'தன்னினைவு விலகல்' என்று வைத்துக்கொள்வோம். பெயர் புதிதாயினும் பொருள் உங்களுக்குப் பழக்கமானதே. வலிப்பு வந்ததுபோல் ஒருத்தி துடிக்கிறாள். மூளைப் பரிசோதனையில் ஒன்றும் தெரிவதில்லை. மற்றொருத்திக்கு ஒரு சண்டைக்குப் பின் பேச்சு நின்றுவிடுகிறது. ஓர் இளைஞன் தான் எவ்வாறு அவ்வூருக்கு வந்தான் என்றறியாமல் அயலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கிறான். இன்னொருவர் தம் உடலைத் தாமே எட்ட நின்று பார்ப்பதுபோல் உணர்கிறார். சிலர் வேறொரு பெயரில், வேறொரு குரலில் பேசுகின்றனர். பிறகு அது அவர்கள் நினைவில் இருப்பதில்லை. ஊரார் இவற்றைப் பேய் என்பர், காற்று என்பர், சில வேளைகளில் நடிப்பு என்பர். இவற்றுள் மிகக் கொடியது கடைசிச் சொல்லே. பேய் என்றால் இரக்கமாவது மிஞ்சும். நடிப்பு என்றால் அதுவும் போய்விடும்.

நடிப்பன்று என்பதற்குக் காரணம் உண்டு. 1889ஆம் ஆண்டிலேயே பியேர் ழானே என்னும் பிரெஞ்சு அறிஞர், தாங்கவொண்ணாத அதிர்ச்சியின் நினைவு மனத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல் தனியே பிரிந்து இயங்கக்கூடும் என்று எழுதினார். சிறு பிராயத்தில் அடியும் கொடுமையும் கண்ட குழந்தை, கால்களால் ஓட முடியாதபோது மனத்தால் ஓடிவிடுகிறது. அந்த ஓட்டம் அன்று அக்குழந்தையைக் காப்பாற்றியது. வளர்ந்த பின்னும் ஓடும் பழக்கம் நிற்காமையே இன்றைய துன்பம். எல்லாருக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது; ஆயினும் பலருடைய கதையின் அடியில் இது கிடக்கிறது.

திருவிழாவில் உடுக்கை ஒலிக்கும்போது அருள் வந்து ஆடி, திருநீறு இட்டதும் அடங்கி, மறுநாள் காலை வழக்கம்போல் களையெடுக்கப் போகும் மூதாட்டிக்கு நோய் ஒன்றும் இல்லை. 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், ஒரு சமூகத்தின் சமய வழக்கமாக ஏற்கப்பட்ட அருள்வாக்கை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. வேண்டாத நேரத்தில் வந்து, தன் விருப்பத்திற்கு அடங்காமல், வாழ்வைக் குலைப்பதே நோய். ஆகவே நம் குழு யாருடைய தெய்வத்தோடும் வழக்காடத் தேவையில்லை. 'வந்தது சாமியா, பேயா, நோயா?' என்ற விவாதத்தைக் கூட்டத்தில் எடுக்கவே கூடாது. அவரவர் தமக்கு விளங்கும் பெயரால் அதை அழைத்துக்கொள்ளட்டும்.

குழுவில் சேர்வதற்கு முன் மருத்துவரைக் காண்பது கட்டாயம். உண்மைக் கால்கை வலிப்பும் இதைப்போலவே தோன்றும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது திருச்சிராப்பள்ளியையும் உள்ளடக்கியிருந்த மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இன்று அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றனர். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தன்னினைவு விலகலைத் தானே தீர்க்கும் மாத்திரை என்று எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடன்வரும் மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் மருந்து தருவர். விலகலுக்கு உரிய சிகிச்சை நெடுநாள் பேச்சு வழியான சிகிச்சையே. நம் குழு அச்சிகிச்சைக்கு மாற்றன்று. இரண்டு சிகிச்சை நாட்களுக்கு இடையே உள்ள நீண்ட வாரங்களைக் கடக்க உதவுவது அது.

ஒரே துன்பம் உடையவர்கள் ஒருவருக்கொருவர் துணையாவது புதிய எண்ணமன்று. 1935இல் அமெரிக்காவில் குடிப்பழக்கத்தால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம். 1987இல் நெதர்லாந்தில், காதில் குரல்கள் கேட்போர் ஒன்றுகூடித் தம் அனுபவத்தைத் தாமே பேசத் தொடங்கினர். ஆனால் அங்கெல்லாம் நடப்பதை அப்படியே இங்கே பின்பற்றலாகாது. காரணம், நம் குழுவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு.

பிற துணைக்குழுக்களில், 'மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள். பாரம் குறையும்' என்பர். இங்கே அது பேராபத்து. ஒருத்தி தனக்கு நேர்ந்ததை விவரமாகச் சொல்லத் தொடங்கினால், சொல்லும்போதே அவள் அந்த நாளுக்குப் போய்விடுவாள்; கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற இருவரும் தத்தம் பழைய நாட்களுக்குப் போய்விடுவர். எட்டுப் பேர் அமர்ந்த பாயில் ஐவர்தான் மிஞ்சியிருப்பர். எனவே முதல் விதி: என்ன நடந்தது என்பது இங்கே பேச்சன்று. 'சிறு வயதில் எனக்குக் கொடுமை நேர்ந்தது' என்ற ஒரு வரி போதும். யார், எங்கே, எப்படி என்பவை மருத்துவரின் அறைக்கு உரியவை. இந்த வாரம் எப்போது நினைவு நழுவிற்று, அதற்கு முன் என்ன அறிகுறி தெரிந்தது, எது பிடித்து நிறுத்தியது, அடுப்பில் பால் இருக்கும்போது நழுவினால் என்ன செய்வது — இவையே நம் பேச்சு. இவ்விதி இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் 'சொல், சொல்' என்று ஊக்குவிக்கும் நல்லெண்ணமே இத்தகைய குழுக்களைக் கலைத்துவிடக்கூடியது.

இரண்டாவது, விதிகளை ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படிக்க வேண்டும். கடன் குழுவில் ஒருமுறை படித்தால் போதும். இங்கே சென்ற வாரம் வந்தவருக்கே சென்ற வாரம் நினைவில்லாமல் இருக்கலாம். எடுத்த முடிவை எழுதி வைப்பதும், 'முன்பே சொன்னோமே' என்று எவரையும் கடிந்துகொள்ளாதிருப்பதும் இதனாலேயே. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர் நாட்காட்டியில் புள்ளி வைக்கட்டும். நழுவிய நாட்களுக்கு ஒரு புள்ளி, பிடித்து நின்ற நாட்களுக்கு வேறொரு நிறப் புள்ளி.

இடத்தைப் பற்றி. கோயில் மண்டபம் வேண்டா; தலைவர் வீட்டுத் திண்ணையும் வேண்டா. பள்ளிக்கூட அறையோ சங்கக் கட்டடமோ போதும். பகல் வெளிச்சம் வேண்டும். கதவைத் தாழிடலாகாது, எழுந்து போக நினைப்பவருக்கு வழி தெரிய வேண்டும். நாளும் நேரமும் இடமும் மாறவே கூடாது. நழுவும் மனத்திற்கு மாறாத ஒன்று வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஓர் ஊரில் அத்தனை பேர் கிடைப்பதரிது. கிடைப்பினும் ஒரே ஊராரைச் சேர்ப்பது நன்றன்று. துன்பம் செய்தவன் அதே தெருவில் இருக்கக்கூடும் அன்றோ? ஒன்றிய அளவில் நான்கைந்து ஊர்களிலிருந்து வரச்செய்து, பேருந்துக் கட்டணத்திற்கு வழி காண்பது மேல். குழுவுக்கு 'மனநோயாளர் குழு' என்று பெயர்ப்பலகை மாட்டிவிடாதீர்கள். 'புதன்கிழமைக் கூட்டம்' என்றால் கேட்பவரும் கேளாமல் போவர்.

நடத்துபவர் இருவராக இருத்தல் வேண்டும். இத்துன்பத்தைத் தாமே அனுபவித்து இப்போது ஓரளவு நிலைபெற்றிருப்பவர்களே அதற்கு உரியவர்கள். ஒருவர் பேச்சை நடத்துவார். மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் பணி அவர்களுக்கு இடம் திறந்து கொடுப்பதும், எட்டிப் பார்க்க வரும் கூட்டத்தை அப்புறப்படுத்துவதும், மாமியாரிடமும் கணவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி பெற்றுத் தருவதுமே. நீங்களே நடுவில் அமர்ந்து அறிவுரை கூற ஆரம்பித்தால் அது துணைக்குழுவாக இராது.

ஒருவர் பார்வை நிலைகுத்தி, பேச்சு நின்று, நழுவத் தொடங்கினால் என்ன செய்வது? தொடாதீர்கள், தொடுவதே பலருக்குப் பழைய அச்சத்தைக் கிளப்பும். பெயர் சொல்லி, தாழ்ந்த குரலில், 'இன்று புதன்கிழமை. நாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். நான் பக்கத்தில் இருக்கிறேன். காலைத் தரையில் ஊன்றுங்கள்' என்று சொல்லுங்கள். பானைத் தண்ணீர் ஒரு குவளை, கையில் உருட்டப் புளியங்கொட்டை, முகர்ந்து பார்க்கச் சுக்கோ காப்பித் தூளோ இருக்கட்டும். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் செய்யுங்கள். எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் மட்டும் வேண்டா. பேயோட்டியவனின் பிரம்பை நினைவூட்டக் கூடும். கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்வதும் கூடாது. பிறருக்கு அமைதி தரும் அது இவர்களை இன்னும் உள்ளே இழுத்துவிடலாம்.

துடிப்பு வந்தால் அருகிலுள்ள கல்லையும் பாத்திரத்தையும் நகர்த்தி, தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க விடுங்கள். இரும்புச் சாவியும் செருப்பும் வெங்காயமும் எவ்வகை வலிப்பையும் தீர்ப்பதில்லை. முதன்முறையாக வந்தாலும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், காயம் பட்டாலும், கருவுற்றவராயினும் 108ஐ அழைக்கத் தயங்கலாகாது.

வேறொரு குரலில் ஒருவர் பேசத் தொடங்கினால் வேடிக்கை பார்ப்பதும் தவறு, விசாரணை செய்வதும் தவறு. 'நீ யார்? எங்கிருந்து வந்தாய்? எப்போது போவாய்?' என்பன மந்திரவாதியின் கேள்விகள். குழந்தைபோல் பேசினால் சிரிக்காதீர்கள். கோபமாகப் பேசினால் அஞ்சாதீர்கள். 'வாருங்கள், உட்காருங்கள். இங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை' என்று மற்ற உறுப்பினருக்குக் காட்டும் அதே மரியாதையைக் காட்டுங்கள். அதே விதிகளையும் சொல்லுங்கள். பின்னர் அவர் தாமாகக் கேட்டால், நடந்ததைத் தனியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லலாம். கேளாவிட்டால் விட்டுவிடுக.

இரகசியம் காப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் எல்லையை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். ஒருவர் உயிருக்கு ஆபத்தென்றால் வாய்மூடி இருக்க இயலாது. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகிறது என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவரின் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098. இதை முன்னரே சொல்லாமல் பின்னர் வெளியிட்டால், 'இங்கும் ஏமாற்றிவிட்டார்கள்' என்று அவர்கள் நினைப்பர். அந்த நம்பிக்கையை மீண்டும் பெறுவது அரிது.

'இவ்வளவு தொல்லை எதற்கு? வேண்டுதலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டால் போதாதா?' என்று ஊரில் யாரேனும் கேட்பர். வழிபாட்டுக்குத் தடையில்லை; விட்டுவிட்டு வருவதுதான் பிழை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். ஓட முடியவில்லை. அவர்களைச் சிகிச்சைக்கு என்று அங்கே சேர்த்தவர்கள் பகைவர் அல்லர், சொந்தக் குடும்பத்தாரே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. உங்கள் ஒன்றியத்தில் அவ்வாறு யாரேனும் கட்டப்பட்டிருப்பதைக் கண்டால், குழு தொடங்கும்வரை காத்திராமல் அன்றே அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

முடிப்பதற்கு முன் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சு எவ்வளவு சுவையாகச் சென்றாலும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அப்போது துன்பத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. தேநீர் கொடுங்கள், இரவு என்ன சமைக்கப் போகிறார், எந்தப் பேருந்தில் போகிறார், யாரோடு போகிறார் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். மயங்கிய கண்ணோடு எவரையும் சாலையில் இறங்க விடலாகாது. தெளியும்வரை ஒருவர் உடனிருக்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு, குழுவின் பெயரைச் சொல்லாமல், விதை நெல் கேட்க வந்தவரைப்போல ஒருவர் போய்வரலாம். சேமிப்பு, கடன், வட்டி எதையும் இந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடாதீர்கள். அதற்கு உங்களுக்கு வேறு நாள் இருக்கிறது.