பாசி மண்டிய நீரில் விரால் பிடிப்பது எப்படி?



புக்கிட் மெர்தாஜாம் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்து அல்லூர்களிலும், வயல் வாய்க்கால்களிலும், பழைய குட்டைகளிலும் விரால் உண்டு. மலாய்க்காரர்கள் இதை ஹருவான் என்பார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புண் ஆறட்டும் என்று இதைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் அவர்களிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஆனால் ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிய நீரைக் கண்டால், முள் சிக்கிக்கொள்ளும் என்று நாம் வேறிடம் தேடிப் போகிறோம். விரால் இருப்பதோ அங்கேதான்.

காரணம் எளிது. விரால் ஒளிந்திருந்து பாயும் மீன். செடிகளின் நிழலில் தவளைக்கும் சிறு மீனுக்கும் காத்திருக்கும். அது காற்றையும் சுவாசிப்பதால், தேங்கிய நீரிலும் உயிர் வாழும். காற்றெடுக்க அவ்வப்போது மேலே வரும். நீர் அசைந்து குமிழி எழும் இடத்தைக் குறித்துக்கொள்வோம்.

இனி, இரை. அடர்ந்த பாசிக்கு ஏற்றது ரப்பர் தவளை. அதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. மீன் கவ்வும்போது ரப்பர் நசுங்க, முள் வெளிப்படும். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களும் பாசியில் இத்தகைய தவளையையே இழுக்கிறார்கள். செடி கொஞ்சம் கலைந்த இடத்தில், முள்முனையை உடலுக்குள் புதைத்த ரப்பர் புழு போதும். நூல் மெலிதாக இருக்கக் கூடாது. 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூலே நல்லது.

காலையும் மாலையும் ஏற்ற வேளை. தவளையைச் செடிக்கு அப்பால் எறிந்து, மெல்ல இழுத்து வருவோம். நீர் தெரியும் இடைவெளியில் ஒரு கணம் நிறுத்துவோம். நீர் வெடித்ததும் இழுத்துவிடக் கூடாது. கனம் கையில் தெரிந்த பிறகே ஓங்கி இழுக்க வேண்டும். பின்பு நூலைத் தளரவிடாமல், மீன் செடிக்குள் புகுமுன் கரை சேர்ப்போம்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். நீர்மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய்க் கொதிப்பதுபோல் தெரிந்தால், அடியில் தாயோ தந்தையோ காவல் இருக்கிறது. அங்கே இரை விழுந்தால் பசியில்லாவிட்டாலும் பாயும். பிடிப்பது சுலபம்தான். ஆனால் காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டத்தையே இழக்கலாமா? அந்த இடத்தை விட்டுவிடுவோம். மின்சாரமும் நஞ்சும் வைத்துப் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்திருக்கிறது. அவை பெரியது சிறியது பாராமல் கொல்லும்.

நம் உடல்நலமும் முக்கியம். களைக்கொல்லி தெளித்த பகுதியின் அல்லூரில் பிடித்த மீனைக் குழம்புக்குக் கொண்டுவர வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் இருந்தால் நீரில் இறங்காமல் கரையிலேயே நிற்போம். பின்னர் காய்ச்சல் கண்டால், குட்டையில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுவோம். பிள்ளைகளைத் தனியே அனுப்பவே கூடாது. பாசி மூடிய நீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

வேண்டிய அளவு பிடிப்போம். குஞ்சு காக்கும் மீனை விட்டுவைப்போம். அடுத்த ஆண்டும் அதே குட்டையில் நமக்கு விரால் இருக்கும்.