காயல்பட்டினம் போற சகோதரிகளுக்கு
(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பேசியது)

திருச்செந்தூர் கோயிலுக்குப் போற நாம, பக்கத்துல இருக்கிற காயல்பட்டினத்துல இறங்குறதே இல்லை. திருநெல்வேலி ரயில் அங்கே நிக்குது. ‘முஸ்லிம் ஊராச்சே, என்ன நினைப்பாங்களோ’ன்னு ஒரு கூச்சம். எனக்கும் இருந்தது.

பாய் விற்கப் போன அன்னிக்கு நடுத்தெருவுல நின்னு கூவினேன். ஒரு கதவும் திறக்கலை. கடைசியில ஒரு பெரியம்மா, “முடுக்கு வழியா வாம்மா” என்றார். வீடுகளுக்கு நடுவே பெண்கள் புழங்குறதுக்குன்னே விட்ட குறுகிய சந்துதான் முடுக்கு. அதுல போனதும் பெண்களே கூப்பிட்டுப் பேசினாங்க. கழிப்பறைகூடக் கூசாம கேட்டேன். கொண்டுபோன 9 பாயும் வித்துப்போச்சு!

புர்கா யாரும் கேட்கலை. தலையில முந்தானை போட்டுக்கிட்டேன், அது மரியாதை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், வியாபாரத்துக்குப் போகாதீங்க. நோன்பு மாதத்துல பகல்ல தெருவுல நின்னு சாப்பிட வேண்டாம். கேட்காம போட்டோ எடுக்காதீங்க. முதல் தடவை போறவங்க சொல்லுங்க, நானும் கூட வர்றேன்.