பெட்டி எங்கே, தம்பி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலையைப் பற்றிப் பேசலாம் என்று குறிப்பெடுத்து வந்தேன். "அதெல்லாம் வேண்டாம்ப்பா, கிடாரைப் பத்திப் பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

கடைசி வருடக் கல்லூரி விழா. மெஸ் பில்லுக்கு அப்பா அனுப்பிய பணத்தில் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கியிருந்தேன். ஆம்ப்ளிஃபையருக்குக் காசில்லை. பெடலை நேரே மிக்ஸரில் சொருகி அடித்தேன். தகரத்தை ரம்பத்தால் அறுத்த மாதிரி ஒரு சத்தம்! முன்வரிசையே காதைப் பொத்திக்கொண்டது. மைக்செட் அண்ணன் மேடையேறி, "பெட்டி எங்கே, தம்பி?" என்றார். தன் வேனிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபையரையும் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியையும் இறக்கி, அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்தார். அதே பெடல், அதே விரல். ஓசை உருண்டு வந்தது.

காரணம் எளிது. டிஸ்டார்ஷன் மேல் அதிர்வெண்களை ஏராளமாகக் கூட்டுகிறது. கிடார் ஸ்பீக்கரோ சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். குறை என்று நாம் நினைப்பதுதான் அங்கே குணம். மேடை ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிடும்.

இதை மின்சுற்றாகவே செய்தவர்கள் உண்டு. எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், 'பாஸ்டன்' இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ், 1982-இல் 'ராக்மேன்' கொண்டுவந்தார். 1989-இல் 'சான்ஸ்ஆம்ப்' பெடல் வந்தது. இன்றைய பெடல்களில் முறையே வேறு. நிஜப் பெட்டிக்குள் சோதனை ஒலியை அனுப்பி, மைக்கில் பதிந்து, அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை எடுக்கிறார்கள். பிறகு நம் வாசிப்போடு அதைக் கன்வல்யூஷன் செய்கிறார்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள், ரெஸ்பான்ஸில் 1,000 மாதிரிகள் என்றால், நேரடியாகக் கணக்கிட்டால் நொடிக்கு 4.8 கோடி பெருக்கல்! உள்ளங்கை அளவு பெட்டி அதைச் சலிக்காமல் செய்கிறது.

ஆனால் இது பெட்டிக்கு மட்டும்தான். வால்வு ஆம்ப்ளிஃபையரின் கரகரப்பு நேர்கோட்டுக் கணக்கில் அடங்காது. அதற்குத் தனி மாடல் வேண்டும். வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: மிக்ஸருக்குப் போனால் கேபினட் சிமுலேஷனைப் போடுங்கள், நிஜக் கிடார் ஆம்ப்ளிஃபையருக்குப் போனால் அணைத்துவிடுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் ஓசை போர்வைக்குள் மாட்டிக்கொள்ளும்.

இன்று மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழா மேடைக்குப் போனாலும் தோளில் ஒரு பைதான். சுமக்க ஆள் வேண்டாம்.

அந்தப் பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். கன்வல்யூஷன், பரீட்சையில் நான் சாய்ஸில் விட்ட கேள்வி! புத்தகத்தில் விட்டதை மைக்செட் அண்ணன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். நீங்கள் எதையும் சாய்ஸில் விடாதீர்கள். விட்டாலும், அனுபவஸ்தர் கேட்கும்போது காதைத் திறந்து வையுங்கள்.