மார்கோனிக்கு நிஜமாவே கேட்டுச்சா?

இன்னைக்கு 120 வருஷத்துக்கும் மேல ஓடுற ஒரு பஞ்சாயத்து.

1901 டிசம்பர் 12, பகல் 12:30. நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்று. பட்டத்தில் நீளமான ஒயரைக் கட்டிப் பறக்கவிட்டு, காதில் இயர்போனோட மார்கோனி உட்கார்ந்திருக்கார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், சுமார் 3,400 கிலோமீட்டர் தள்ளி, இங்கிலாந்தின் போல்டு நிலையம் 'எஸ்' எழுத்தை, அதாவது மூணு புள்ளியை, திரும்பத் திரும்ப அனுப்புது. கேட்டுச்சுன்னு மார்கோனி சொன்னார். உதவியாளர் கெம்ப்பும் கேட்டேன்னார். அவ்வளவுதான் ஆதாரம். நம்ம பாஷையில, லாக் இல்லை, "என் மெஷின்ல ஓடுச்சே" மட்டும்தான்.

பூமி உருண்டை, ரேடியோ அலை போறது நேர்கோட்டில். அப்போ அது எப்படி வளைஞ்சு வந்துச்சு? மேலே மின்சாரம் கடத்துற ஒரு அடுக்கு இருக்கணும்னு 1902-ல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியா சொன்னாங்க. 1924-ல் ஆப்பிள்டன் அப்படி ஒண்ணு இருக்குன்னு அளந்தே காட்டினார், பின்னால 1947-ல் நோபல் வாங்கினார்.

விஷயம் இதுதான். சூரியனோட புறஊதா, எக்ஸ் கதிர்கள் காற்று அணுக்களில் இருந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுக்குது. உயரம் போகப் போக எலக்ட்ரான் அடர்த்தி கூடுறதால, அலை கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு கீழே திரும்புது. கண்ணாடியில படுற மாதிரி டமால்னு இல்ல. எஃப்எம் அலைவரிசை இதுக்கு ரொம்ப அதிகம், அது நேரா ஓட்டை போட்டுட்டுப் போயிடும்.

ஆனா 60-லிருந்து 90 கிலோமீட்டர் உயரத்துல டி அடுக்குன்னு ஒரு வில்லன் இருக்கு. அங்கே காற்று கொஞ்சம் அடர்த்தி. அலை ஆட்டிவிடுற எலக்ட்ரான், பக்கத்து மூலக்கூறுல மோதி சக்தியை வெப்பமா விட்டுடும். மீடியம் வேவ் அதுலயே காலி. சூரியன் மறைஞ்சதும் அந்த எலக்ட்ரான்கள் சீக்கிரம் அயனிகளோட சேர்ந்துடும், வழி திறந்துடும்.

இப்போ அந்த 12:30-ஐ யோசிங்க. பட்டப்பகல்!

1902 பிப்ரவரியில மார்கோனியே ஃபிலடெல்ஃபியா கப்பல்ல, இந்தத் தடவை காகித நாடாவுல பதிவு பண்ணிப் பார்த்தார். பகல்ல சுமார் 1,100 கிலோமீட்டரோட சிக்னல் நின்னுடுச்சு. ராத்திரி அதே மூணு புள்ளி 3,400 கிலோமீட்டர் வரைக்கும் வந்துச்சு. ஏன்னு அவருக்கே அப்போ புரியல.

அப்போ சிக்னல் ஹில்ல கேட்டது என்ன? ஸ்பார்க் டிரான்ஸ்மிட்டர் பல அதிர்வெண்களில் கத்தும், அதுல ஷார்ட் வேவ் துண்டு ஒண்ணு தப்பிச்சு வந்திருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. என் ஓட்டு? வளிமண்டலக் கொரகொரப்பைத்தான் ரெண்டு பேரும் ஆசையா கேட்டிருக்காங்க.

வீட்ல பழைய ஏஎம் ரேடியோ இருந்தா, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை திருப்பிப் பாருங்க. எந்த ஊர் ஸ்டேஷன் மாட்டுச்சுன்னு எழுதுங்க.