மலையிடம் பாடம் கேட்போம்



நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே பாறையொன்று உண்டு. அதனைக் கபிலர் குன்று என்பர். நண்பன் பாரியை இழந்த கபிலர் இவ்வூரில் தீப்புகுந்து உயிர் நீத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில், முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் அதனைக் குறிக்கின்றது. அக்கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுப் பாடப்பெற்றது எனப் பழங்குறிப்பொன்று கூறும்.

வேற்று மொழியானுக்குத் தமிழ்ப் பண்பாட்டை உணர்த்தப் புகுந்த புலவர் யாது செய்தார்? இலக்கண விதிகளை அடுக்கினாரில்லை. அவனைத் தினைப்புனத்திற்கு அழைத்துச் சென்றார். கிளி ஓட்டும் மகளிரைக் காட்டினார். 99 மலர்களைப் பெயர் சொல்லிக் காட்டினார். தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கும் பேச்சினை 261 அடிகளில் கேட்கச் செய்தார். ஒரு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோன், அவர்தம் வாழ்க்கையின் நடுவே நின்று, அவர்தம் சொற்களாலேயே அறிதல் வேண்டும். பண்பாடுகளுக்கிடையே நிகழும் கருத்துப் பரிமாற்றம் என்று இன்று பல்கலைக்கழகங்கள் ஆராயும் துறைக்கு இதுவே அடிப்படை.

இப்பாடத்தை நாம் கற்றுவிட்டோமா? நமக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கின்றது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். அப்பெயரைக் கேட்ட அயலார் பலர், இவர்கள் கேரள நாட்டினர் போலும் என்று எண்ணிவிடுகின்றனர். மலையில் வாழ்வோர் என்பதே அதன் பொருள். இவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. பெயரின் பொருளைக் கூட உரியவரிடம் கேளாமல் நாமே முடிவு செய்வோமாயின், பிறவற்றை எவ்வாறு அறிவோம்?

ஆராய்ச்சியாளரிலும் இருவகையினர் உண்டு. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகளைப் பற்றியும் அவற்றில் எழுதியுள்ளார். அவர் தொகுத்த செய்திகள் மிகப் பல; அதனை மறுப்பாரில்லை. எனினும் அவர் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். அளவுகள் ஏட்டில் ஏறின. அளக்கப்பட்டவனின் எண்ணம் அவ்வளவுகளால் விளங்கவில்லை.

கனடா நாட்டின் நோவா ஸ்கோசியாவில் பிறந்த எமனோ என்னும் அறிஞர் 1935-இல் இந்தியாவிற்கு வந்தார். நீலகிரித் தோடரிடம் மாணவராய் அமர்ந்து, அவர்தம் மொழியைச் செவியால் கற்றார். அவர்தம் பாடல்களை ஒலி பிசகாமல் எழுதினார். கற்றதனைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. கலிபோர்னியாவிலிருந்த எமனோவும் ஆக்ஸ்போர்டிலிருந்த பரோவும் கைகோத்து, 1961-இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதியை வெளியிட்டனர். மலைமக்கள் வாய்ச்சொல்லும் நம் சங்கச் சொல்லும் அவ்வகராதியில் ஒரே வரிசையில் சமமாக வீற்றிருக்கின்றன.

அறிஞர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதற்கு மன்றமும் வேண்டுமன்றோ? இலங்கையில் தோன்றிய தனிநாயகம் அடிகளார் அதனை உணர்ந்தார். அவருடைய முயற்சியால் 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் கொள்ளாதோரும் ஒரே அவையில் அமர்ந்து தமிழை ஆராய்ந்தனர்.

கோலாலம்பூரில் கூடிய அவை நம் வகுப்பறையிலும் கூட வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்து பயிலும் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறவாதிருப்பதை ஆசிரியனாகிய யான் பல்லாண்டு கண்டுள்ளேன். அறிவுக்குறைவு அதற்குக் காரணமன்று. தம் பேச்சைக் கேட்டு உடன் பயில்வோர் நகைப்பரோ என்னும் அச்சமே காரணம். சாமையும் தினையும் விளையும் நிலத்தையும், காட்டு மரங்களையும், மழையின் குறிகளையும் பற்றி அப்பிள்ளைகளின் பாட்டிமார் அறிந்த சொற்கள் எத்தனையோ! பிள்ளை பேச நாணினால், அச்சொற்கள் அவன் தலைமுறையோடு மறையும். மறைந்த சொல்லை எந்த அகராதி மீட்டுத் தரும்?

ஆதலின் கல்லூரி மாணவர்களே, கள ஆய்வுக்கு வெள்ளிமலைப் பக்கம் செல்வீராயின், வினாத்தாளை நீட்டுமுன் சில நாள் கேட்டுப் பழகுங்கள். எழுதியதனைச் சொன்னவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்துங்கள். முடித்த ஏட்டின் படியொன்றை அவ்வூர்ப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொண்டதற்கு ஈடாகக் கொடுத்தலே பரிமாற்றம். கொண்டு மட்டும் போதல் அன்று. பள்ளி மாணவர்களே, உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மலைத்தோழனிடம் நாளையே ஒரு மரத்தின் பெயரைக் கேளுங்கள். அவன் சொல்லும் பெயரைப் பிழையென்னாமல் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.