ஜப்பான் பிளாக்கா, நம்ம ஊர் பிளாக்கா? ஒரு ஆர்டி 350 கதை

போன எபிசோடுல பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்குறப்போ என்னென்ன பார்க்கணும்னு பொதுவா பேசினோம். இன்னைக்கு ஒரே ஒரு வண்டி. எங்க பெரியப்பாவோட ராஜ்தூத் 350, 1984 மாடல். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளையில தேங்காய் மட்டைக்கு நடுவுல பல வருஷமா நின்னுட்டு இருந்தது.

பெரியப்பா போன வருஷம் தவறிட்டார். அவர் பையன், எங்க அண்ணன், வண்டியை மறுபடி ஓட வைக்கணும்னு கோயமுத்தூருக்கு ஏத்திட்டு வந்தார். இங்க ஒருத்தர் பார்த்ததும் சொன்னது இதுதான்: "தம்பி, இது இந்தியன் பிளாக்குங்க. இதுல பவர் வராது. எங்கிட்ட ஒரு செட் ஜப்பான் பிளாக் இருக்குது, மாத்திக்கலாம். பழசை எங்கிட்டயே விட்டுருங்க." சொன்ன விலையைக் கேட்டுட்டு அண்ணன் எனக்கு போன் பண்ணார்.

முதல்ல வண்டியோட கதை. யமஹா ஆர்டி 350 வெளிநாட்டுல 1973ல வந்தது. ரெண்டு சிலிண்டர், 347 சிசி, ரீட் வால்வு, 39 குதிரைசக்தி. யமஹா அதை விட்டுட்டு, தண்ணியில குளிரும் எல்சி மாடலுக்கே போயிட்ட பிறகு, 1983ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதே பழைய வண்டியை ஃபரிதாபாத்துல செய்ய ஆரம்பிச்சது. 1989 வரைக்கும் ஓடுச்சு. பேர்தான் கொஞ்சம் பாவம். ராஜ்தூத்னா நம்மாளுக்கு பால்காரர் வண்டிதானே ஞாபகம் வரும்!

இங்க வந்தது ரெண்டு வகை. முதல்ல எச்டி, அதாவது ஹை டார்க், 30.5 குதிரைசக்தி. அப்புறம் எல்டி, லோ டார்க், 27. அன்னைக்கு புல்லட் 350 வெறும் 18ங்கிறதை மறந்துடக் கூடாது. குறைச்சும் கூட இது ஊரிலேயே பெரிய ராட்சசன்தான். ஏன் குறைச்சாங்கன்னா, மைலேஜ். பெட்ரோல் விலையைப் பார்த்து வண்டி வாங்குற நாடு இது.

சரி, அந்த 8.5 குதிரை எங்க போச்சு? இதுதான் முக்கியமான இடம். போர் 64 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 54. ரெண்டுலயும் அதேதான். ஆறு கியர், ஆயில் பம்ப், ரீட் வால்வு, எல்லாமே அதே ஏற்பாடு. பெருமளவு கைவச்சது சைலன்சர்ல. டூ ஸ்ட்ரோக்ல சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லைங்க. வெளிய போற அழுத்த அலை குழாய்க்குள்ள மோதித் திரும்பி வந்து, எக்ஸாஸ்ட் போர்ட் வழியா தப்பிக்கப் பார்க்குற புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளும். எந்த ஆர்பிஎம்ல அது சரியா வந்து சேருதோ, அங்கதான் பவர். குழாயை அடைச்சா அந்தக் கணக்கு மாறிடும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். ஜப்பான் வண்டி 7500 ஆர்பிஎம்ல 39ன்னா, அந்த இடத்துல டார்க் சுமார் 37 நியூட்டன் மீட்டர். எச்டி 6750ல 30.5, அப்போ சுமார் 32. பவர் 22 சதவீதம் குறையுது, டார்க் 13தான். அதாவது இழந்ததுல பெரும்பகுதி மேல் ஆர்பிஎம்ல. பொள்ளாச்சி ரோட்டுல லாரியை முந்துறப்போ அவ்வளவா தெரியாது.

சனிக்கிழமை வெர்னியரை எடுத்துட்டு நானும் அண்ணனும் போனோம். சிலிண்டர் மேல் விளிம்புல இருந்து எக்ஸாஸ்ட் போர்ட் மேல் விளிம்பு வரைக்கும் அளந்தோம். அந்த 'ஜப்பான்' பிளாக்ல இடதுக்கும் வலதுக்கும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். யாரோ அரம் போட்டு போர்ட்டை உயர்த்தியிருக்காங்க, அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சு. போரும் பலமுறை வெட்டின போர். அது ஜப்பான்ல இருந்தே வந்திருக்கலாம். வந்த பிறகு என்ன ஆச்சுங்கிறதுதான் பிரச்சினை. பெரியப்பா பிளாக்கை அளந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல, ஒரே ஒரு தடவை போர் பண்ணது.

சைலன்சரைப் பிடிக்கலைன்னா கழட்டி மாத்திக்கலாம். மாத்துறப்போ மெயின் ஜெட்டையும் பெருசாக்கணும், இல்லைன்னா கலவை மெலிஞ்சு, சூடேறி, பிஸ்டன் சீஸ் ஆகும். ஆனா அறுத்த போர்ட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொண்ணு, யாரும் பேசாதது. ஜப்பான் வண்டியில முன்னாடி டிஸ்க் பிரேக். இங்க கொடுத்தது ட்வின் லீடிங் ஷூ டிரம். வேகம் ரெண்டு மடங்கானா நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. இன்ஜினை 39க்கு ஏத்திட்டு அதே டிரம்மை நம்பி அவினாசி ரோட்டுல போறது எனக்கு ஒப்பலை. அண்ணன் கிட்ட இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்பா இதுல என்னைய டேங்க் மேல உக்கார வெச்சுட்டுப் போவாரு, அப்பவே பிரேக்குன்னா பயம்தான்டா" அப்படின்னார்.

அந்த பிளாக்கை வாங்கலை. அந்தக் காசுல பிரேக் ஷூ லைனிங், கிரேங்க் சீல், ஆயில் பம்ப் சர்வீஸ். யாரோ பம்ப்பை அடைச்சுட்டு பெட்ரோல்லயே டூ டி ஆயில் கலந்து ஓட்டியிருக்காங்க, அதையும் சரி பண்ணோம். சைலன்சர் உள்ள இருந்த கரியைச் சுரண்டினதுக்கே சத்தம் மாறிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை மூணாவது உதையில ஸ்டார்ட் ஆச்சு. பெரியம்மா உள்ள இருந்து வெளிய வந்து, வண்டியைப் பார்க்கலை, கேட்டைத்தான் பார்த்தாங்க.