கடற்றொழிலும் உயிர்க்காப்பும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று. பிள்ளைகளின் கல்வி, விவாகச் செலவு, வாலிபர்க்கு உத்தியோகம் முதலியவை பற்றிப் பலமுறை கூடி ஆலோசித்திருக்கிறோம். அவையெல்லாம் அவசியமே. எனினும் அவை யாவும் உயிரோடு இருப்பவனுக்கு வேண்டியவை. விடியுமுன் கடலுக்குப் போனவன் வீடு திரும்புவதற்கு வேண்டியவை யாவை என்பதை முதலில் பேசுதல் நியாயமன்றோ?

தஞ்சைச் சீமை என்றவுடன் நெற்கழனியே எவர் நினைவிலும் தோன்றும். அக்கழனிகளை ஊட்டிய காவிரியும் அதன் கிளைகளும் வந்து சேரும் கரையில் வாழ்வோர் நம்மவர். கொள்ளிடத்து முகத்துவாரத்தில் பழையாறு தொடங்கி, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கோடியக்கரை வரையிலும், அதற்கப்பால் மேற்கே திரும்பி அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் வரையிலும் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம். 1025-ஆம் ஆண்டில் கடாரத்தின்மேற் சென்ற இராஜேந்திர சோழனது கடற்படையை நினைத்து இக்கரையார் பெருமை கொள்வதுண்டு. பெருமை கொள்ளுதல் தவறன்று. ஆயினும் பழம்பெருமை மிதவையாகாது. நீரில் விழுந்தவனை அது தாங்காது.

உயிர்க்காப்புச் சாதனங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெரியவர்கள் சிலர் ஓர் ஆட்சேபம் கூறுவர். “எங்கள் பாட்டன் எந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனான்? எந்த வானொலியைக் கையில் வைத்திருந்தான்? அவன் திரும்பி வரவில்லையா?” என்பதே அது. இதனை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. தக்க விடை கூறுதல் நம் கடமை.

பாட்டன் போனது கட்டுமரத்தில். சில மரங்களைக் கயிற்றால் பிணைத்த அக்கலத்தில் நீர் புகுந்து தேங்குவதற்கு உட்குழிவே கிடையாது. அலை அதன்மேல் ஏறி மறுபுறம் இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் அமிழாது, விழுந்தவன் அதனைப் பற்றி ஏறிக்கொள்ளலாம். ஆகவே பாட்டன் மிதவையில்லாமல் போகவில்லை. மிதவையின் மீதே அமர்ந்து போனான்! மேலும், பாயும் துடுப்புமே துணையாதலால் பெரும்பாலும் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே அவன் தொழில் செய்தான். கரையில் நிற்பவர் அவன் பாயைக் கண்டு இன்னார் என்று சொல்வர். கரைக்கு வந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைத்து, மறுபடியும் கட்டுவது வழக்கமாதலால் கயிறும் முடிச்சும் நாள்தோறும் அவன் கையிற் பழகின.

இன்று நிலைமை வேறு. இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் முன்னமே வந்துவிட்டன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போனபின், நிவாரணமாக வந்தவற்றுள் மிகுதியும் இப்படகுகளே. இவை விரைவானவை, வருவாய் தருபவை. ஆனால் இவற்றில் அலை ஏறினால் நீர் உள்ளே தங்கும். கவிழ்ந்தால் இயந்திரத்தின் பாரம் அமரத்தைக் கீழே இழுக்கும். கரை மறையும் தூரத்துக்கு இவை ஒரு நாழிகையிற் போய்விடும். கலம் மாறியது; தூரம் மாறியது; நம் பழக்கம் மட்டும் மாறவில்லை. கட்டுமரம் தானாகவே கொடுத்த மூன்று காவல்களாகிய மிதவையையும், கயிற்றறிவையும், கரையின் பார்வையையும் இனி நாமே தேடிக்கொள்ள வேண்டும். இதுவே இன்று நாம் சொல்ல வந்தது.

முதலாவது, மிதவை. 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேப்டன் வார்டு என்பவர் உயிர்காப்புப் படகோட்டிகளுக்காகத் தக்கைச் சட்டை ஒன்றை அமைத்தார். 1861-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் விட்பி என்னும் ஊரில், புயலிற் சிக்கிய கப்பல்களுக்கு உதவச் சென்ற படகொன்று கவிழ்ந்தது. அதில் இருந்த 13 பேரும் கைதேர்ந்த கடலோடிகள். அவர்களுள் 12 பேர் மாண்டனர். பிழைத்தவர் ஹென்றி பிரீமன் ஒருவரே. அப்புதிய தக்கைச் சட்டையை அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ?

தக்கைக்குப் பின் நம் ஊர் இலவம்பஞ்சை ஒத்த பஞ்சையும் அடைத்துச் சட்டை செய்தார்கள். இப்பொழுது நீரை உறிஞ்சாத நுரைப்பொருள் வைத்து லேசாகச் செய்கிறார்கள். “நமக்குத்தான் நீந்தத் தெரியுமே” என்று வாலிபர்கள் சொல்லக்கூடும். நீந்தத் தெரிந்தவனும் மயங்கி விழுந்தால் நீந்த மாட்டான்; துடுப்போ இயந்திரமோ தலையிற் பட்டால் நீந்த மாட்டான்; இரவு முழுவதும் அலையில் நின்றால் கை சோர்ந்துவிடும். நம் கடல் குளிர்ந்ததன்று என்பது மெய். ஆயினும் நீர் தேகச் சூட்டைக் காற்றைவிட மிக விரைவாகக் கவர்ந்துகொள்ளும். சட்டையை அணியத்தில் மூட்டைக்கடியில் வைத்திருப்பதிற் பிரயோஜனமில்லை. படகு கவிழ்ந்தபின் அதைத் தேடி அணிய எவராலும் இயலாது. முகத்துவாரத்தைக் கடக்கும்போதும், இராக்காலத்திலும், கடல் கொந்தளிக்கும்போதும் அது உடம்பின்மேல் இருக்க வேண்டும். வார்களை இறுகக் கட்டவேண்டும். தளர்ந்த சட்டை தலைக்குமேல் கழன்றுவிடும். ஓர் ஊதல் அதில் தொங்கட்டும்; இருட்டிற் குரல் அடங்கினாலும் ஊதல் கேட்கும்.

படகு கவிழ்ந்து மிதக்குமாயின் அதைவிட்டு நீந்திப் போகலாகாது. தேடி வருவோர் கண்ணுக்கு மனிதன் தலையைவிடப் படகு பன்மடங்கு பெரிது. எல்லோரும் ஒன்றாகக் கூடிப் பற்றியிருத்தலே உத்தமம். தாகத்துக்காகக் கடல்நீரைப் பருகலாகாது. அது தாகத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது.

இரண்டாவது, கயிறு. தென்னங்கயிற்றின் குணத்தை நம் பெரியோர் அறிவர். இப்போது நைலான் கயிறும், பிளாஸ்டிக் கயிறு என்று பொதுவாக வழங்கும் பாலிபுரொப்பிலீன் கயிறும் வந்துள்ளன. இரண்டும் ஒன்றல்ல. நைலான் வலியது, இழுத்தால் நீண்டு கொடுக்கும், நீரில் அமிழும். ஆதலால் நங்கூரத்துக்கு ஏற்றது. மற்றது மிதக்கும், விழுந்தவனை நோக்கி வீச ஏற்றது, ஆனால் வெயிலில் நாளடைவில் நொறுங்கிப்போகும். பார்வைக்கு முழுதாயிருந்தாலும் கையால் முறுக்கிப் பார்க்கும்போது தூள் உதிருமாயின் அதனை நம்பலாகாது. எந்தக் கயிறும் முடிச்சிட்ட இடத்தில் தன் வலிமையில் ஒரு பெரும்பங்கை இழக்கும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

நைலான் கயிறு நீண்டு கொடுப்பதில் ஓர் அபாயமும் உண்டு. இழுப்பில் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வந்து எதிரே நிற்பவனைத் தாக்கும். ஆகவே இறுகி நிற்கும் கயிற்றின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது. கயிற்றைக் கையிற் சுற்றிப் பிடித்தலும், சுருளுக்குள் கால் வைத்து நிற்றலும் விரலுக்கும் காலுக்கும், சில வேளைகளில் உயிருக்கும் கேடு. ஒவ்வொருவர் இடுப்பிலும் கூரிய கத்தி ஒன்று இருத்தல் வேண்டும்.

முடிச்சுகளுள் பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்க வேண்டியது, எவ்வளவு இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சு. நீரில் இருப்பவன் அதனை அக்குளுக்கடியில் மாட்டிக்கொண்டால், இழுக்கும்போது மார்பை நெரிக்காது. இதனைக் கண்ணை மூடிக்கொண்டும், ஒற்றைக் கையாலும் போடப் பழக வேண்டும். வீசும் கயிற்றின் நுனியில் மிதக்கும் பொருள் ஒன்றைக் கட்டி, விழுந்தவனுக்கு அப்பால் வீச வேண்டும். அவனைத் தாண்டி விழுந்த கயிறு இழுக்கும்போது அவன் கைக்கு வந்து சேரும். அவன் அருகில் வந்ததும் இயந்திரத்தை நிறுத்துதல் மிக அவசியம்.

இயந்திரம் நின்றுவிட்டால் நங்கூரமே கதி. நங்கூரக் கயிறு, ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு நீளம் விட்டாலன்றி நங்கூரம் நிலத்தைக் கவ்வாது. ஆழம் எட்டாத இடமாயின் வாளியையோ தார்ப்பாயையோ நீண்ட கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து நீரில் விட்டால், படகின் முகம் அலைக்கு நேரே நிற்கும். பக்கவாட்டில் அலை அறைந்து கவிழாது. கோடியக்கரைப் பக்கத்தார்க்கு இது இன்னும் முக்கியம். 1974, 1976-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இலங்கைக்கும் நமக்கும் வகுத்த எல்லை அங்கே அருகில் உள்ளது. இயந்திரம் பழுதாகி மிதந்து போகும் படகு அவ்வெல்லையை அறியாது. அதில் இருப்பவன் சிறைக்கும் செல்ல நேரிடும். நல்ல நங்கூரக் கயிறு ஒருவனை அக்கஷ்டத்தினின்றும் தடுக்கும்.

மூன்றாவது, கரையின் பார்வைக்குப் பதிலாக நிற்கும் அபாய அறிகுறிகள். உலகத்துக் கடலோடிகள் யாவரும் ஒப்புக்கொண்ட அறிகுறிகள் பல உண்டு. அவற்றுள் ஒரு காசும் செலவில்லாதது: இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலே உயர்த்திக் கீழே தாழ்த்துதல், இதனைத் திரும்பத் திரும்பச் செய்தல். ஒற்றைக் கையை வேகமாக ஆட்டினால் தூரத்தில் போகும் கப்பலார் வணக்கம் சொல்வதாக எண்ணிப் போய்விடுவர். பகலில் ஆரஞ்சு நிறப் புகையும், இரவில் சிவப்புத் தீவர்த்தியும் காட்டலாம். தீவர்த்தியைக் காற்று போகும் பக்கத்தில், படகுக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். கப்பலோ விமானமோ கண்ணில் படும்வரை அதனை வீணாக்கலாகாது. அதன்மேல் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பார்த்துவர வேண்டும். வெயில் நேரத்தில் சிறு முகக்கண்ணாடியின் ஒளியும் பல மைல் தூரம் எட்டும்.

வி.எச்.எப். வானொலி உள்ளவர்கள் 16-ஆம் சானலில் “மேடே” என்று மும்முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். கைபேசி எட்டும் தூரமாயின் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்லலாம். கைபேசி எட்டாத தூரத்துக்கு இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010-ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ளது. அதன் பொத்தானை அழுத்தினால் படகு இருக்குமிடம் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு நிலையத்துக்கும், அங்கிருந்து மீட்பு மையங்களுக்கும் போய்ச் சேரும். 2024-ஆம் ஆண்டில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்னும் பதிலையும், புயல் எச்சரிக்கையையும் படகுக்கே அனுப்ப வல்லது.

இதன் அருமையை அறிய 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலை நினைத்தால் போதும். கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர் பலர் நாட்கணக்கில் தங்கித் தொழில் செய்ய முன்னமே ஆழ்கடலுக்குப் போயிருந்தனர். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கடலில் இருந்தவர்க்கு எட்டவில்லை. நம் கரைக்கும் புயல் புதிதன்று. 1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளில் நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய பெரும்புயல்கள் மூன்றும் நவம்பர் மாதத்தில் வந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் ஏறும் புயற்கூண்டின் எண்ணை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் படிக்க அறிந்திருக்க வேண்டும். 1-ம் 2-ம் புயல் தூரத்தில் உள்ளதென்பதைக் குறிக்கும். 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை நேரும் என்பதை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பது. தூரம் என்று 1-ஆம் எண்ணை அசட்டை செய்து புறப்படுதல் தகாது.

நிற்க. தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கடலில் ஒருவர் காணாமற்போய் உடலும் கிடைக்கவில்லையாயின், சாட்சியச் சட்டம் பொதுவாக ஏழாண்டுகள் செய்தியின்றிக் கழிந்த பிறகே அவர் இறந்ததாக அனுமானிக்கும். அதுவரை அந்த வீட்டுப் பெண் சுமங்கலியுமல்லள், விதவையுமல்லள். வங்கிக் கணக்கும், இன்ஷூரன்ஸும், சொத்தும் இழுபறியில் நிற்கும். பெரும்புயல்களின்போது சர்க்கார் தனி உத்தரவு செய்வதுண்டு. ஒற்றைப் படகு தவறினால் அவ்வாறு செய்வார் யார்? மிதவைச் சட்டையின் விலையைக் கணக்கிடும்போது இந்த ஏழாண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுகிறோம். “சட்டை அணியாமல் போகாதீர்” என்று வாசலில் நின்று சொல்லும் உரிமை உங்களுடையது.

சங்கத்தின் ஆலோசனைக்காக மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். ஒன்று: ஒவ்வொரு ஊரிலும் பஞ்சாயத்தார் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, படகு, ஆட்கள், போகும் திசை, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிவர வேண்டும், சொன்ன நேரம் தவறினால் எத்தனை நாழிகைக்குள் கடலோரக் காவற்படைக்குச் செய்தி சொல்வது என்பதையும் முன்னமே நிச்சயிக்க வேண்டும். அபாயம் கேட்பாரற்ற இடத்தில் எந்த அறிகுறியும் வீண். இரண்டு: கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையுள்ள 61 நாட்களில், சிறு படகுகாரரையும் சேர்த்துக்கொண்டு, கயிறு, நங்கூரம், சட்டை, தீவர்த்தி யாவற்றையும் சோதித்துப் பழுதானவற்றை நீக்க வேண்டும். மூன்று: அதே நாட்களில், கட்டுமரம் கட்டத் தெரிந்த முதியவர்களைக் கொண்டு வாலிபர்க்கு முடிச்சுகளைக் கற்பிக்க வேண்டும். அம்முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையறிவு ஏட்டில் இல்லை.

கடலுக்கு அஞ்சும்படி நாம் கூறவில்லை. நெல் விளைவிப்பவன் வரப்பைக் கட்டாமல் மழையை எதிர்பார்ப்பதில்லை. அதனை எவரும் கோழைத்தனம் என்பதும் இல்லை. மிதவைச் சட்டை கடலோடியின் வரப்பு. அதனை நம் வாலிபர்கள் வெட்கமின்றி அணிவார்களாக. கயிற்றை நம் முன்னோர் அறிந்தவாறு அறிவார்களாக. போகுமிடத்தைக் கரையிற் சொல்லிப் போவார்களாக.